கதவு நன்றாக நடித்திருந்தது

போன செவ்வாய்க்கிழமை. பிரஷர் மாத்திரை வாங்க மருந்துக்கடையில் நிற்கிறேன். பக்கத்தில் நின்ற நாற்பது வயசுக்காரர் ஒருவர், என் முகத்தைப் பார்ப்பதும் கையிலிருந்த போனைப் பார்ப்பதுமாக இருந்தார். பிறகு சிரித்துவிட்டார்.

“ஐயா, நீங்க அந்தக் கதவு ஐயாதானே?”

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல? கடைக்காரர் சிரித்தார். மாத்திரை எடுத்துக் கொடுத்த பெண்ணும் சிரித்தது. அந்த மனிதர் என் தோளில் கை போட்டு ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டார்.

இந்தப் பக்கத்தில் வாரம் தவறாமல் பத்து வருடமாக எழுதுகிறேன். ஒருவராவது என்னோடு நின்று போட்டோ எடுத்திருப்பாரா? கிடையாது. அரை நிமிஷம் மைக்கில் பேசினேன்... ஊருக்கே தெரிந்த முகமாகிவிட்டேன்.

போட்டோவுக்குச் சிரித்த முகத்தோடுதான் நின்றேன். வீட்டுக்கு வந்து மாத்திரையை அலமாரியில் வைத்துவிட்டு, மாதா படத்துக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தேன். செபம் வரவில்லை. என் மனைவி பிலோமினா சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். மாத்திரை போடத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அவளுக்கு விஷயம் தெரியும்.

உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். சொன்னால் பாரம் குறையும் என்றெல்லாம் நினைக்கவில்லை. ஆனால் சொல்லாமல் இந்த வாரம் வேறு எதையும் எழுத முடியவில்லை.

கொஞ்ச நாளைக்கு முன்னால் நம்ம ஊர்த் தியேட்டரில் ஒரு இந்திப் படம் போட்டார்கள். காரைக்குடியில் இந்திப் படத்துக்குக் கூட்டமா என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு வருடம் முன்னால் தமிழில் வந்து ஓடு ஓடு என்று ஓடிய படத்தின் ரீமேக் அது. தமிழ்ப் படமும் இந்தப் பக்கத்து வீடுகளில்தான் எடுத்தது. இந்திக்காரர்களும் வேறெங்கும் போகவில்லை — கொத்தமங்கலத்துக்கே வந்து, ஒரு பெரிய வீட்டைப் பிடித்து, அதை ராஜஸ்தான் மாளிகை என்று காட்டிவிட்டார்கள். படத்தின் பெயர் வேண்டாம். அது பாவம், அதன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

கதை எளிதான கதை. சொத்துத் தகராறில் பிரிந்து போன குடும்பம். பிள்ளைகள், மருமகள்கள், பேரன் என்று ஒன்பது பேர். ஒருவரோடு ஒருவர் பேச்சுவார்த்தை இல்லை. அப்பாவுக்கு உடம்பு ரொம்ப முடியவில்லை என்று வீட்டுச் சமையற்காரர் ஒரு பொய்யைச் சொல்லி, எல்லாரையும் ஒரே நாளில் வரவழைத்துவிடுகிறார். பாதி சிரிப்பு, பாதி அழுகை.

படம் எப்படி? அதைத்தான் ஊரே பேசியது. இன்டர்வெல்லில் பப்ஸ் வாங்கும் இடத்தில் நின்றால் போதும், காதில் வந்து விழும்.

கண்டரமாணிக்கத்திலிருந்து காரில் வந்திருந்த ஒரு ஆச்சிக்குக் கதையைப் பற்றிக் கவலையே இல்லை. “முகப்புல கொண்டாந்து ஒட்டகத்தைக் கட்டிப்புட்டாகளே... தளக்கல்லு என்னத்துக்கு ஆகும்?” என்று கூட வந்த மருமகளிடம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு ஆட்டோக்காரர், தமிழில் சமையற்காரர் அழும்போது தானும் அழுதுவிட்டாராம், இந்தியில் அந்த ஆள் அழும்போது தலைமுடிகூடக் கலையவில்லையே என்றார். காலேஜ் பெண்பிள்ளைகளுக்குப் பாட்டு பிடித்திருந்தது. எங்களுக்கு முன் வரிசையில் டைல்ஸ் வேலைக்கு வந்திருக்கும் வடநாட்டுத் தொழிலாளிகள் ஏழெட்டுப் பேர். நாம் சிரிக்காத இடத்தில் எல்லாம் அவர்கள் சிரித்தார்கள். பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். ஒருவர் தெரிந்த தமிழில், “வீடு ஞாபகம் வருது சார்” என்றார்.

பாருங்கள் — நம்ம ஊர் வீட்டைப் பார்த்து அவருக்கு அவர் வீடு ஞாபகம். நமக்கோ நம்ம வீட்டையே அடையாளம் தெரியவில்லை என்று கோபம்.

ரீமேக் படம் பார்ப்பது என்பது, மூத்த மருமகள் வைத்த குழம்பை நினைத்துக்கொண்டே இளைய மருமகள் வைத்த குழம்பைச் சாப்பிடுகிற மாமியார் வேலை. நாக்கு ருசி பார்க்காது. குறை பார்க்கும். நானும் அன்றைக்கு அந்த நாக்கோடுதான் உட்கார்ந்திருந்தேன்.

என்னைப் படத்துக்குக் கூட்டிப் போனது சவரிமுத்து.

சவரிமுத்து யார் என்று சொல்ல வேண்டும். கோட்டையூர்க்காரன். கொத்தமங்கலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவன். நான் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். அவன் தினமும் காலையில் ஏறுவான், சாயங்காலம் திரும்ப ஏறுவான். அப்படிப் பழகியதுதான். நான் எட்டாவதோடு நின்றவன், அவன் பி.ஏ. ஆனாலும் வாடா போடா தவிர எங்களுக்குள் வேறு பேச்சு கிடையாது. நான் எழுதுவதை அச்சுக்கு அனுப்பும் முன் படித்துப் பார்த்துப் பிழை திருத்துகிறவனும் அவன்தான். இந்த வாரம் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று போகப் போகப் புரியும்.

ரொம்பக் கூச்சக்காரன். எங்கள் கோயிலில் இயேசுவின் பாடுகளை நடிக்கும் பாஸ்கா நாடகத்தில் வருடா வருடம் இவன் பேரும் நோட்டீஸில் வரும். என்ன வேஷம்? ஒன்றுமில்லை. திரை இழுப்பான். யாராவது வராமல் போனால்கூட, ஒரு சேவகன் வேஷம் கட்டச் சொன்னால், மாட்டேன் என்று ஓடிவிடுவான்.

அப்படிப்பட்டவன் தானாகப் போன் போட்டு, மேட்னிக்கு ரெண்டு டிக்கெட் எடுத்துவிட்டேன், நீ வந்தே ஆக வேண்டும் என்றான். எனக்கு ஆச்சரியம். இந்திப் படமாடா, நமக்கு என்னடா புரியும் என்றேன். தமிழ்ப் படம் பார்த்திருக்கிறாயே, அது போதும் என்றான்.

தியேட்டரில் அவன் படம் பார்த்த மாதிரியே தெரியவில்லை. என் பக்கமே திரும்பித் திரும்பிப் பார்த்தான். கழுத்துப் பிடிப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

இன்டர்வெல்லுக்கு முன்னால் அந்தக் காட்சி வந்தது. ஒன்பது பேரும் ஒவ்வொரு குடும்பமாகத் தனித்தனிக் காரில் வந்து இறங்குகிறார்கள். பெரிய வாசல். கதவுக்கு முன்னால் வீட்டுக் காரியஸ்தர் மாதிரி ஒருவர் நிற்கிறார். பெரிய சிவப்புத் தலைப்பாகை, கன்னம் வரை முறுக்கிய மீசை. வருகிற ஒவ்வொருவருக்கும் குனிந்து குனிந்து ஏதோ சொல்கிறார். ஒருவருக்குச் சொல்லி முடித்து நிமிர்ந்து, அடுத்தவருக்குக் குனிந்து... முடியவே இல்லை. வாய் ஒன்று அசைகிறது, சத்தம் ஒன்று வருகிறது. இடையிடையே கண்ணை வேறு சிமிட்டுகிறார்.

நான் சவரிமுத்து காதில், “யாருடா இந்த ஆளு? கோயில் சுரூபத்துக்குச் சாவி குடுத்த மாதிரி குனியிறான்” என்றேன்.

“ம்” என்றான்.

முப்பத்தோரு வருடம் கண்டக்டர். ஒரு தடவை ஏறிய முகத்தை மறக்க மாட்டேன் என்று இதே பக்கத்தில் எத்தனை தடவை பெருமை பேசியிருக்கிறேன்!

படம் விட்டு வெளியே வந்தால் வாசலில் மைக். ஏதோ ஒரு யூடியூப் சேனல். மைக் பிடிக்க ஒரு பெண், கேமரா பிடிக்க ஒரு பெண். படம் எப்படி இருக்கு, படம் எப்படி இருக்கு என்று வருகிறவர்களை எல்லாம் மறித்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சவரிமுத்து என் சட்டையைப் பிடித்து இழுத்தான். பஸ் போய்விடும் என்றான். அதற்குள் கூட்டத்தில் யாரோ, இவர் பத்திரிகையில் எழுதுகிறவர், இவரிடம் கேளுங்கள் என்று கையைக் காட்டிவிட்டார்கள்.

மைக் என் வாய்க்கு நேரே வந்தது.

படம் பரவாயில்லை என்று ஆரம்பித்தேன். அந்தப் பெண் தலையாட்டிக்கொண்டே மைக்கை அடுத்த ஆளிடம் கொண்டுபோகப் பார்த்தது. பரவாயில்லை என்கிறவனிடம் மைக் நிற்காது. நல்லது சொன்னாலும் ரொம்ப நேரம் நிற்காது. எனக்கு அது சட்டென்று புரிந்தது. போய்விடக் கூடாதே என்று ஒரு அவசரம் வந்தது பாருங்கள்... அந்த அவசரத்தைத்தான் நான் இன்றைக்கும் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

“நடிகருக எல்லாம் நல்லாத்தான் செஞ்சிருக்காக. ஆனா வாசல்ல ஒரு ஆளு நிக்கிறாரு பாருங்க, தலைப்பாகை கட்டிக்கிட்டு... அவரைவிட அவருக்குப் பின்னால இருக்கிற கதவு நல்லா நடிச்சிருக்கு. நம்ம ஊருக் கதவுல்ல!”

கூட்டம் குபீர் என்று சிரித்தது. மைக் திரும்பி வந்தது.

“அவரு கண்ணைக் கண்ணைச் சிமிட்டுறாரு. கதவு ஒரு வாட்டிகூட சிமிட்டல.”

மறுபடியும் சிரிப்பு. இன்னும் ரெண்டு வார்த்தை அந்தத் தலைப்பாகையைப் பற்றியும் சொன்னேன். அது இங்கே வேண்டாம்.

பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது சவரிமுத்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தான். தலைவலி என்றான். பஸ் தூரத்தில் தெரிந்த பிறகு, ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

“அந்த வாசல்ல நின்ன ஆளு... அம்புட்டு மோசமாவாடா இருந்துச்சு?”

ஆண்டவர் எனக்குக் கொடுத்த ரெண்டாவது சந்தர்ப்பம் அது. என்ன செய்தேன் தெரியுமா? கூட்டம் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறதே! மோசமா, யாரோ வேலைக்காரனைப் பிடித்து நிறுத்தியிருப்பார்கள், பாவம், அவனுக்கே தெரிந்திருக்காது என்றேன். சவரிமுத்து சரி என்றான். பஸ் ஏறிப் போய்விட்டான். ஜன்னலோரம் உட்கார்ந்தும் கையாட்டவில்லை.

மறுநாள் என் பேச்சு போன் போனாகப் பறந்தது. சிங்கப்பூரிலிருந்து மச்சினன் மகன் அனுப்பினான். சிவகங்கையிலிருந்து பழைய டிரைவர் ஒருவர் அனுப்பினார். அதற்கு ஒரு பேரும் வைத்துவிட்டார்கள் — ‘கதவு ஐயா’. எனக்குத் தலை கால் புரியவில்லை. பிலோமினாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. போனை வாங்கி ரெண்டாம் தடவை ஓட்டிப் பார்த்தாள்.

“ஓரத்துல நிக்கிறது சவரிண்ணன்ல?”

“ஆமா.”

“எல்லாரும் சிரிக்கிறாக. அவுக மட்டும் தரையைப் பாக்குறாக. ஏன்?”

தலைவலியாம் என்றேன். அவள் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். நமக்குப் பெருமை வந்துவிட்டால் பக்கத்தில் நிற்கிறவன் முகம் படத்தில் இருந்தும் தெரியாது போலிருக்கிறது.

ரெண்டு நாள் சவரிமுத்துவிடமிருந்து போன் இல்லை. நான் போட்டாலும் எடுக்கவில்லை. சரி, நேரிலேயே போய் இத்தனை பேர் பார்த்திருப்பதைக் காட்டிவிட்டு வருவோம் என்று கோட்டையூருக்குப் பஸ் ஏறினேன். வாசகர்களே, நான் அவனுக்கு ஆறுதல் சொல்லப் போகவில்லை. என் பெருமையைக் காட்டத்தான் போனேன். இதை மறைத்து எழுதினால் எழுதுவதில் அர்த்தமே இல்லை.

கேட் சத்தம் கேட்டு வெளியே வந்தான். கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்துக்கொண்டிருந்தான். நான் கிட்டே போனதும் கண்ணாடியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையை நெஞ்சுக்கு நேரே வைத்து, லேசாகக் குனிந்து, கண்ணைச் சிமிட்டிக்கொண்டே நிமிர்ந்து சொன்னான்.

“வாங்க.”

முப்பது வருடமாக வாடா என்று கூப்பிட்டவன். விளையாடுகிறான் என்று சிரிக்கப் போனேன். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அந்தக் குனிவு. அந்தச் சிமிட்டல். தலைப்பாகையும் மீசையும் இல்லை... அவ்வளவுதான் வித்தியாசம்.

“டேய்... நீயாடா?” என்றேன்.

அந்த வார்த்தையைக் கேட்கத்தான் அவன் எட்டு மாதம் காத்திருந்தானாம். காப்பி கொண்டுவந்த அவன் மனைவி ஜெயராணி சொன்னாள்.

“ஷூட்டிங் போனதை ஒருத்தர்ட்டயும் சொல்லக் கூடாதுன்னுட்டாகண்ணே. திருச்சில மக வீட்டுக்குப் போறேன்னு ஒங்கள்ட்டச் சொன்னாகள்ல, மூணு நாளு, அது இதுக்குத்தான். நீங்களாக் கண்டுபிடிச்சு ‘டேய், நீயாடா’ன்னு கேக்கணும்னு இருந்தாக. என்னையக்கூடக் கூட்டிப் போகல. மொதல்ல ஒங்களோடதான் பாப்பேன்னுட்டாக.”

மிச்சத்தையும் அவள்தான் சொன்னாள். அவன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

அந்த வீட்டு வாட்ச்மேன் அவனுக்குப் பழக்கமாம். வாசலில் நிற்க மரியாதையான முகமாக ஒரு ஆள் வேண்டும் என்று சினிமாக்காரர்கள் கேட்க, அவர் இவனைக் கூட்டிப் போய்விட்டார். கண்ணாடி போடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கண்ணாடி இல்லாமல் இவனுக்கு நாலடிக்கு அப்பால் எல்லாம் புகைதான். அதனால்தான் சிமிட்டியிருக்கிறான். வருகிறவர்களைக் கட்டியிருந்த சேலை நிறத்தையும் செருப்புச் சத்தத்தையும் வைத்து அடையாளம் பிடித்தானாம். டைரக்டர் சொன்னது சின்ன வேலை — எல்லாரும் வந்த பிறகு மொத்தமாக ஒரு கும்பிடு போடு, போதும். இவன் முடியாது என்றிருக்கிறான். வாழ்க்கையில் முதல் தடவையாக நாலு பேர் முன்னால் வாயைத் திறந்து, ஒன்பது பேர் வந்தால் ஒன்பது பேரையும் தனித்தனியாக வாங்க என்று கேட்க வேண்டும், இல்லாவிட்டால் அது வாசல் இல்லை என்று சொல்லியிருக்கிறான். ஒரு அசிஸ்டன்ட் அதை இந்தியில் எடுத்துச் சொல்ல, டைரக்டர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, சரி, உன் ஊர் வழக்கப்படியே செய் என்று கேமராவை ஓடவிட்டுவிட்டாராம்.

நம்ம பக்கத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கல்யாண வீட்டில் சாப்பாடு குறைந்தால் பொறுப்போம். வாசலில் வரவேற்று வாங்க கேட்கவில்லை என்றால் பொறுப்போமா? என் சித்தப்பா மகன் புது வீட்டு விசேஷத்தில், ஏதோ வேலையாக இருந்தவன், பிலோமினாவை வாங்க என்று கேட்டுவிட்டு என்னைக் கேட்காமல் விட்டுவிட்டான். நாலு வருடம் அவன் வீட்டுப் படி மிதிக்கவில்லை நான். அப்படிப்பட்ட மனிதன், ஒருவன் ஒன்பது பேரை மனசார வாங்க கேட்பதைத் திரையில் பார்த்துவிட்டு, முடியவே இல்லையே என்று சிரித்திருக்கிறேன்.

எனக்குத் தெரியாதுடா, சத்தியமாகத் தெரியாது, தெரிந்திருந்தால் அப்படிச் சொல்லியிருப்பேனா என்றேன்.

சவரிமுத்து கண்ணாடியை மாட்டிக்கொண்டான். கோபமே இல்லாத குரல்.

“தெரிஞ்சிருந்தா நல்லா இருக்குன்னுதான் சொல்லியிருப்பீக. தெரியாமச் சொன்னீகள்ல... அதுதான் நெசம். அதுக்கு எதுக்கு மன்னிப்பு?”

காப்பி ஆறிப்போனது. குடிக்காமல் வந்தால் இன்னும் தப்பாகிவிடுமே என்று ஆறியதைக் குடித்துவிட்டு வந்தேன்.

பஸ்ஸில் வரும்போது அந்த வார்த்தைதான் குடைந்தது. நிஜமா? நான் சொன்னது நிஜமான கருத்தா? யோசித்துப் பார்த்தால், அன்றைக்கு நான் அந்தக் காட்சியைப் பார்க்கவே இல்லை. தமிழ்ப் படத்தில் இந்த இடம் எப்படி இருந்தது என்றுதான் பார்த்தேன். அப்புறம் மைக் வந்ததும், எது சொன்னால் சிரிப்பு வரும் என்று பார்த்தேன். இதற்குக் கருத்து என்று பேர் வைப்பதா?

வியாழக்கிழமையோடு படத்தைத் தியேட்டரிலிருந்து எடுக்கிறார்கள் என்றார்கள். கடைசி மேட்னிக்குத் தனியாகப் போனேன். தியேட்டரில் மொத்தமே இருபது பேர் இருக்காது. அந்த டைல்ஸ் தொழிலாளிகளில் மூன்று பேர் மறுபடி வந்திருந்தார்கள்.

இந்தத் தடவை பார்த்தேன்.

மூத்த மகன் வரும்போது சவரிமுத்து நன்றாகக் குனிகிறான். ரெண்டாவது மகன் கண்டுகொள்ளாமல் உள்ளே போகிறான் — அவன் முதுகுக்கும் ஒரு வாங்க. பேரனுக்கு முழங்கால் மடக்கி, அவன் உயரத்துக்கு இறங்கி ஒரு வாங்க. கடைசி மருமகள் அழுத கண்ணோடு முகத்தைத் திருப்பிக்கொண்டு படியிலேயே நின்றுவிடுகிறாள். இவன் அவசரப்படவில்லை. கையை நெஞ்சில் வைத்தபடியே காத்திருக்கிறான். அவள் திரும்பிப் பார்த்த பிறகுதான் சொல்கிறான். ஸ்பீக்கரில் இந்தி வந்தது. உதடு மட்டும் வாங்க என்றுதான் சொன்னது. அந்தப் பெண் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போகிறாள்.

முன் வரிசையில் இருந்த மூன்று பேரும் சத்தமே இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மூக்கை உறிஞ்சினார். எனக்கும் முடியவில்லை.

நேரே கோட்டையூர். அவன் வீட்டுப் படியிலேயே நின்று சொன்னேன். ஒவ்வொரு வாங்கவையும் சொன்னேன். அந்த மருமகளுக்காக அவன் காத்திருந்ததைச் சொன்னேன். அந்தத் தொழிலாளி மூக்கை உறிஞ்சியதையும் சொன்னேன். முழுக்கக் கேட்டான். கேட்டுவிட்டு, லேசாகச் சிரித்தான்.

“இன்னைக்கு நீங்க பாத்தது என்னைய. அன்னைக்குப் பாத்தீகள்ல, அதுதான் படம்.”

உங்களில் யாரிடமாவது இதற்குப் பதில் இருந்தால் எழுதுங்கள். நான் இனி நூறு தடவை நன்றாக இருக்கிறது என்று சொன்னாலும், அது நண்பனுக்காகச் சொல்வது. தெரியாத ஒருவனாக உட்கார்ந்து அவனைப் பார்க்கும் வாய்ப்பு எனக்கு ஒரே ஒரு தடவைதான் இருந்தது. அது போய்விட்டது.

அந்தச் சேனல்காரப் பெண்ணைத் தேடிப் பிடித்து, வீடியோவை எடுத்துவிடம்மா என்று கேட்டேன். நல்ல பிள்ளை. உடனே எடுத்துவிட்டது. ஆனால் அதற்குள் எத்தனையோ பேர் எடுத்துத் தங்கள் பக்கத்தில் போட்டுவிட்டார்களாம். “அது இனிமே நம்ம கையில இல்லைங்க ஐயா” என்றது. வேண்டுமானால் வாசலில் நின்றவர் அருமையாக நடித்திருக்கிறார் என்று புதிதாக ஒன்று பேசிக் கொடுங்கள், போடுகிறோம் என்றது. பேசிக் கொடுத்தேன். போட்டார்கள். பார்க்க ஆள் இல்லை. பிலோமினா பார்த்தாள். நான் பார்த்தேன்.

கோயிலில் சாமியாரிடம் போனேன். எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவர் செபமாலை சொல்லச் சொன்னார். ஆண்டவர் மன்னித்துவிடுவார், சவரிமுத்துவுக்கு நாளாகும், அவரை அவசரப்படுத்தாதே என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசையில் சவரிமுத்து எனக்கு முன் வரிசையில் இருந்தான். சமாதானம் சொல்லும் நேரம் வந்தது. எல்லாரும் அக்கம்பக்கம் திரும்பிக் கைகூப்பினார்கள். அவனும் திரும்பினான். என் பக்கத்தில் இருந்தவருக்குக் கைகூப்பினான். எனக்கும் கைகூப்பினான். பின்னால் இருந்த அம்மாவுக்கும். எல்லாருக்கும் ஒரே மாதிரி.

பூசை முடிந்து வெளியே வந்ததும் ஜெயராணி பிலோமினாவோடு நின்று பேசிக்கொண்டிருந்தாள். அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு முன்னால் போய்விட்டான். கோபமாகப் போகவில்லை. காத்திருக்கவும் இல்லை.

படம் தியேட்டரை விட்டுப் போய்விட்டது. நல்லா இருக்கு, நல்லா இல்லை என்று சொன்ன ஊர் வேறு படத்துக்குப் போய்விட்டது. அத்தனை பேர் சொன்னதும் காற்றோடு போயிற்று. அவனுக்கும் அதெல்லாம் வேண்டியிருக்கவில்லை.

சவரிமுத்து கேட்டது ஒரே ஒரு ஆளின் கருத்தை. அதைத்தான் நான் மைக்கிடம் கொடுத்துவிட்டேன்.